எச்-1பி மகன், பி-2 பெற்றோர்: அமெரிக்காவிலிருந்து எந்த குரூஸ் ஏறலாம்?

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே காட்பாடி, குடியாத்தம், சத்துவாச்சாரி பக்கத்துப் பெற்றோர் பலர் அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பேரப்பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை விட்டதும், "எல்லாருமா ஒரு கப்பல்ல போயிட்டு வரலாமே" என்ற பேச்சு வரும். மகன் எச்-1பி (வேலை விசா), மருமகள் எச்-4 (எச்-1பிகாரரின் துணைக்கான விசா), குழந்தை அமெரிக்கக் குடியுரிமை, அப்பா அம்மா பி-2 (சுற்றுலா விசா). ஒரே மேசையில் சாப்பிடப் போகிற ஐந்து பேருக்கு மூன்று வகைச் சட்டம்.

விலையும் ஊரும் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு விசாவைப் பற்றி விசாரிப்பவர்களே அதிகம். அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். குரூஸில் ஏறுவது எளிது, திரும்பி வந்து இறங்குவதுதான் பரீட்சை. கப்பல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தை நான்கு மணி நேரம் தொட்டிருந்தாலும், நீங்கள் அறையை விட்டே வெளியே வராமல் இருந்திருந்தாலும், மயாமியில் கால் வைக்கும்போது நீங்கள் அமெரிக்காவுக்குள் புதிதாக நுழைகிறவர்தான். கீழே உள்ள விதிகள் 2025 இறுதி நிலவரப்படி.

## முதலில் மேசையில் எடுத்து வைக்க வேண்டிய மூன்று தாள்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அதாவது எல்லோரும் "ஸ்டாம்ப்" என்று சொல்வது, அமெரிக்க வாசலில் வந்து நிற்பதற்கான அனுமதி. ஐ-797 என்பது பெட்டிஷன், அதாவது மனு, ஏற்கப்பட்டதற்கான ஒப்புதல் தாள். ஐ-94 என்பது உள்ளே எவ்வளவு நாள் தங்கலாம் என்ற கணக்கு. உள்ளே இருந்தபடியே நீட்டிப்பு வாங்கியவருக்கு ஐ-797ஏ தாளின் அடிப்பகுதியில், கிழித்தெடுக்கும் துண்டாகப் புதிய ஐ-94 அச்சிட்டு வரும். 2028 வரை அந்தத் துண்டில் தேதி இருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்டாம்ப் 2024இலேயே முடிந்திருக்கும். வேலைக்கும் வீட்டுக்கும் அந்தத் துண்டு போதும். கப்பலில் போய்விட்டுத் திரும்பி வர அது தனியாகப் போதாது.

இதை வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பாருங்கள். கணவர் சென்னையில் ஸ்டாம்பிங் முடித்துவிட்டு வந்திருப்பார். அந்த முறை ஊருக்குப் போகாத மனைவியின் எச்-4 ஸ்டாம்ப் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். டிக்கெட் போடுகிறவர் தன் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டியிருப்பார்.

பழைய கம்பெனி பெயரில் உள்ள ஸ்டாம்புக்கு இன்னும் தேதி இருந்தால், புதிய கம்பெனியின் ஐ-797 உடன் அது செல்லும். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்டாம்பும் செல்லும், இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோனால் சரி.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் அளவுகோல், திரும்பும்போது ஸ்டாம்ப் தேவையா, காலாவதியான ஸ்டாம்ப் செல்லுமா என்பது. இரண்டாவது, வழியில் உள்ள நாடுகள் இந்திய பாஸ்போர்ட்டிடம் தனியாக என்ன கேட்கின்றன. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: புயல் வந்து கப்பல் பாதை மாறினால் உங்கள் நிலை என்ன? வெயிலுக்குப் பயந்து ஏப்ரல், மேயில் கிளம்பும் நம் ஊர்ப் பெற்றோரோடு போகிற பயணம் ஜூன், ஜூலையில்தான் அமையும். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நான்காவது, பெற்றோரின் ஐ-94, முழங்கால், மருத்துவக் காப்பீடு. கடைசியில் பணம், அதிலும் விளம்பரத்தில் தெரியாத பணம்.

| வழி | திரும்பும்போது நுழைவுச் சோதனை | ஸ்டாம்ப் முடிந்த எச்-1பி, எச்-4 | வழியில் வேறு விசா | பாதை மாறினால் |
|---|---|---|---|---|
| பஹாமாஸ், கரீபியன் | உண்டு | கூடாது | தீவுக்குத் தீவு மாறும் | ஸ்டாம்ப் இருந்தால் கவலையில்லை |
| மெக்சிகோ மட்டும் | உண்டு | சட்டப்படி முடியும் | செல்லுபடியாகும் அமெரிக்க விசா போதும் | கிழக்குப் பக்கம் ஆபத்து, மேற்கில் குறைவு |
| அலாஸ்கா | உண்டு | சட்டப்படி முடியும் | கனடா விசா கட்டாயம் | பெரும்பாலும் கனடாவுக்குள்ளேயே |
| ஹவாய், அமெரிக்கக் கொடிக் கப்பல் | இல்லை | போகலாம் | எதுவும் இல்லை | கவலையில்லை |
| ஊருக்கு வரும்போது ஆசியாவில் | அமெரிக்கா திரும்பும் விமானத்தில் மட்டும் | ஸ்டாம்பிங்குக்கு முன் | நாட்டைப் பொறுத்து | கவலையில்லை |

## பஹாமாஸ், கரீபியன்: ஸ்டாம்ப் உள்ளவர்களின் இடம்

மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவெரல், கால்வெஸ்டன் என்று கப்பலுக்குப் பஞ்சமில்லை, விலையும் இங்கேதான் குறைவு. குடும்பத்தில் எல்லோருக்கும் ஸ்டாம்ப் தேதி இருந்தால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். அமெரிக்க விசா உள்ள இந்தியரை டொமினிகன் குடியரசு சுற்றுலாவுக்கு அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பார்படோஸ், ஜமைக்கா இந்தியரிடம் விசாவே கேட்பதில்லை. மற்ற தீவுகளுக்குக் கப்பல் நிறுவனத்தின் ஆவணப் பிரிவிடம் "இந்திய பாஸ்போர்ட், எச்-1பி விசா" என்று குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது துறைமுகக் கவுன்ட்டரில் செல்லாது.

ஸ்டாம்ப் முடிந்தவர் மாட்டிக்கொள்வது "தனியார் தீவு" என்ற சொல்லில். கோகோகே, ஹாஃப் மூன் கே, காஸ்ட்அவே கே, கிரேட் ஸ்டிரப் கே, ஓஷன் கே எல்லாமே கப்பல் நிறுவனங்கள் நடத்துபவைதான், ஆனால் எல்லாம் பஹாமாஸ் மண். லபாடி ஹைட்டியில் இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனி நடத்தும் கடற்கரை அமெரிக்க மண் ஆகிவிடாது.

இன்னொரு குழப்பம், "புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்துக்கு பாஸ்போர்ட்டே வேண்டாம்" என்று இணையத்தில் படிப்பது. அந்தச் சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். உங்கள் வீட்டில் அது பேத்திக்குப் பொருந்தும். 16 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்பதால் பிறப்புச் சான்றிதழோடு அவள் போய் வரலாம். ஆனாலும் அவளுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவதே நல்லது, நடுவழியில் உடம்புக்கு முடியாமல் இறங்கி விமானம் பிடிக்க நேர்ந்தால் பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஏற முடியாது.

சான் ஹுவானும் செயின்ட் தாமஸும் அமெரிக்கப் பகுதிகள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கப்பல் அதற்கு முன் பஹாமாஸின் நாசோவைத் தொட்டிருந்தால், சான் ஹுவானிலேயே நடுப்பயணத்தில் குடிநுழைவுச் சோதனை நடக்கும். எல்லோரும் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நிற்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: வீட்டில் யாராவது எஃப்-1 மாணவராகவோ ஜே-1 (பரிமாற்றத் திட்டம்) ஆகவோ இருந்தால், காலாவதியான ஸ்டாம்போடும் கரீபியன் தீவுகளுக்குப் போய் 30 நாளுக்குள் திரும்பலாம், கியூபா மட்டும் விலக்கு. ஓபிடியில் (படிப்பு சார்ந்த வேலைப் பயிற்சியில்) இருப்பவருக்கு ஐ-20 என்ற பல்கலைக்கழகச் சான்றில் ஆறு மாதத்துக்குள் வாங்கிய பயணக் கையெழுத்தும் ஈஏடி (வேலை அனுமதி) அட்டையும் வேண்டும். தம்பி எஃப்-1இல் போய் வந்தான் என்பதற்காக எச்-1பி அண்ணன் ஏறினால் கதை வேறு. எச்-1பிக்குத் தீவுகள் கிடையாது, மெக்சிகோவும் கனடாவும் மட்டும்தான்.

## மெக்சிகோ மட்டும்: சட்டம் இருக்கிறது, தைரியமும் வேண்டும்

காலாவதியான விசா குறிப்பிட்ட சூழலில் செல்லும் என்று சொல்லும் விதிக்குப் பெயர் தானியங்கி மறுசெல்லுபடி. 22 சிஎஃப்ஆர் 41.112(டி) என்ற பிரிவு. எச்-1பி, எச்-4க்கான நிபந்தனைகள் இவை: மெக்சிகோ அல்லது கனடாவில் மட்டும் இருந்திருக்க வேண்டும், 30 நாளுக்குள் திரும்ப வேண்டும், ஐ-94 நடப்பில் இருக்க வேண்டும், இங்கே நிலை பிசகாமல் இருந்திருக்க வேண்டும், வெளியே இருந்த நாட்களில் புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது, பழைய விசா ரத்து செய்யப்பட்டதாக இருக்கக் கூடாது. எஃப்-1இல் வந்து உள்ளேயே எச்-1பிக்கு மாறியவரின் பழைய எஃப்-1 ஸ்டாம்பும் இந்த விதியில் அடங்கும்.

அப்படியானால் மெக்சிகோவை மட்டும் தொடும் கப்பல் எது? இங்கேதான் பாதைப் பட்டியலை வரிக்கு வரி படிக்க வேண்டும். கால்வெஸ்டனிலிருந்து "மேற்குக் கரீபியன்" என்ற பெயரில் போகும் ஏழு நாள் கப்பல்கள் கோசுமேலோடு ரோவட்டானையும் பெலீஸையும் சேர்த்துக்கொள்ளும். ரோவட்டான் ஹோண்டுராஸ். ஒரே ஒரு நாள் அங்கே நின்றாலும் மறுசெல்லுபடி போயிற்று. நான்கைந்து நாள் பயணங்களில் கோசுமேலும் ப்ரோக்ரெசோவும் மட்டும் இருப்பவை கிடைக்கும், அவை இரண்டும் மெக்சிகோ.

அப்படி ஒன்றைப் பிடித்தாலும், வளைகுடாவில் புயல் எழுந்தால் கப்பலை எங்கே திருப்புவது என்பது மாலுமியின் முடிவு. டிக்கெட் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை நிறுவனம் எடுத்துக்கொண்டிருக்கும். கோசுமேலுக்குப் பதில் நாசோ என்று அறிவித்தால், ஸ்டாம்ப் உள்ளவர் அங்கே புகைப்படம் எடுப்பார், ஸ்டாம்ப் இல்லாதவர் அறையில் உட்கார்ந்து வக்கீலுக்கு மின்னஞ்சல் எழுதுவார்.

அதனால் இந்த வழிதான் என்று முடிவெடுத்தால் மேற்குக் கரையிலிருந்து ஏறுங்கள். லாங் பீச், லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவிலிருந்து கேடலினா, என்செனாடா போகும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் கேடலினா கலிஃபோர்னியா, என்செனாடா மெக்சிகோ. கபோ சான் லூகாஸ், மசட்லான், போர்ட்டோ வயார்த்தா போகும் ஏழு நாள் பயணங்களிலும் தொடுவது மெக்சிகோவை மட்டும். பசிபிக் பக்கமும் புயல் உண்டு, ஆனால் அங்கே பாதை மாறினாலும் பக்கத்தில் இருப்பது இன்னொரு மெக்சிகோத் துறைமுகம் அல்லது கலிஃபோர்னியா.

மெக்சிகோவே உங்களிடம் என்ன கேட்கும் என்பது தனிக் கேள்வி. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால் இந்தியருக்கு மெக்சிகோ விசா வேண்டாம். காலாவதியான அமெரிக்க ஸ்டாம்ப் இந்தக் கணக்கில் வராது. அமெரிக்க விதியில் அது உயிரோடு இருப்பதாகக் கருதப்படலாம், மெக்சிகோவுக்கு அது தேதி முடிந்த காகிதம். ஸ்டாம்ப் முடிந்தவர் பணம் கட்டுமுன் கப்பல் நிறுவனத்திடம் இதை எழுத்தில் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பலமுறை நுழையும் கனடா விசா ஒன்று கையில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

கவுன்ட்டரில் நடப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றிவந்தால் கப்பல் நிறுவனத்துக்கு அபராதம். அதனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் தேதி முடிந்த விசாவைப் பார்த்ததும் தலையை ஆட்டுவார். அவருக்கு இந்த விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியின் அச்சு, சிபிபி (அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) தளத்தில் உள்ள விளக்கம், ஐ-797, ஐ-94, சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, கவுன்ட்டர் திறந்ததும் முதல் ஆளாகப் போய் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். மூடும் நேரத்தில் போனால் வாதாட நேரமிருக்காது.

வழக்கமாக இந்த விதியைத் தரை எல்லையில் தினமும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் எங்கள் கருத்து இது: தவறிப் போனால் விலை என்ன என்று பாருங்கள். உள்ளே விடவில்லை என்றால் அடுத்த நிறுத்தம் சென்னைத் தூதரகம். 2025 செப்டம்பர் முதல், நேர்காணல் இல்லாமல் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வரும் டிராப் பாக்ஸ் வசதி பெரும்பாலோருக்கு இல்லை, நேர்காணலுக்குப் போயாக வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரரின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கியதில் ஏற்கெனவே கொடுத்திருந்த தேதிகள்கூட மாதக்கணக்கில் தள்ளிப்போயின. மூன்று இரவுக் கப்பலுக்காக மூன்று மாதம் காட்பாடி வீட்டு மாடியில் உட்கார்ந்து, அமெரிக்க நேரத்தில் வேலை பார்க்கக் கம்பெனி ஒப்புக்கொள்ளுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## அலாஸ்கா: அழகு அதிகம், காகிதமும் அதிகம்

வேலூர் வெயிலிலிருந்து வந்த பெற்றோருக்குப் பனிப்பாறை காட்டுவதைவிட என்ன வேண்டும்? மே முதல் செப்டம்பர் வரை சீசன், பெற்றோர் இருக்கும் மாதங்களோடு அப்படியே பொருந்துகிறது. கரீபியன் புயல் கவலையும் இல்லை.

ஆனால் சியாட்டிலிலிருந்து கிளம்பி அலாஸ்கா போய் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல் கடைசி நாள் மாலையில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். காரணம் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று: வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது, நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும். பெரிய குரூஸ் கப்பல்கள் கிட்டத்தட்ட எல்லாமே பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகவே விக்டோரியா தவிர்க்க முடியாத நிறுத்தம், அதற்காகவே கனடா விசா. "நாங்க இறங்கவே மாட்டோம்" என்று சொன்னாலும் நிறுவனம் ஏற்றாது.

அமெரிக்க விசாவோ எச்-1பியோ இந்தியருக்குக் கனடாவில் விலக்குத் தராது, கிரீன் கார்டு இருந்தால்தான் விலக்கு. கட்டணம் ஒருவருக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. மகன், மருமகள், அப்பா, அம்மா நால்வருக்கும் சேர்த்து 740 கனடிய டாலர். கைரேகை பத்து வருடம் செல்லும். பெற்றோருடையதை ஊரிலிருந்து கிளம்புமுன்பே விண்ணப்பித்து, சென்னை விஎஃப்எஸ் (விசா விண்ணப்பச் சேவை) மையத்தில் கைரேகை கொடுத்துவிட்டு வரச் சொல்வது புத்திசாலித்தனம். அமெரிக்கா வந்தபின் செய்தால் ஒப்புதல் வந்ததும் பாஸ்போர்ட்டை விஎஃப்எஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, கையில் பாஸ்போர்ட் இல்லாமல் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். விசாவின் ஆயுள் பாஸ்போர்ட் தேதியைத் தாண்டாது. பாஸ்போர்ட் முடிய ஒன்றரை வருடமே இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

ஸ்டாம்ப் முடிந்த எச்-1பிக்கு இங்கேயும் மறுசெல்லுபடி பொருந்தும், வெளிநாட்டுத் துறைமுகம் கனடா மட்டும்தானே. மேலே சொன்ன அதே எச்சரிக்கையும் பொருந்தும்.

பெற்றோர் இருக்கும் குடும்பத்துக்கும், எல்லோருக்கும் ஸ்டாம்ப் இருக்கும் குடும்பத்துக்கும், ஆறு மாதம் முன்பே திட்டமிடுகிறவர்களுக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான். செலவிட்ட கனடா விசா வீண்போகாது: நயாகராவின் கனடாப் பக்கமும் மெக்சிகோவும் அதில் திறக்கும்.

கனடாவே வேண்டாம், அலாஸ்கா மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சங்கதி. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமிலிருந்து கெட்சிகன் போகும் அலாஸ்கா அரசுப் படகுச் சேவை கனடாவில் நிற்பதில்லை. ஆனால் அது குரூஸ் அல்ல, பயணிகள் படகு. பஃபேயும் நடனமும் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

## ஹவாய்: ஸ்டாம்ப் முடிந்தவர் நிம்மதியாக ஏறக்கூடிய ஒன்று

நார்வேஜியன் நிறுவனத்தின் ப்ரைட் ஆஃப் அமெரிக்கா என்ற கப்பல் அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல். ஹோனலுலுவில் கிளம்பி மாவி, ஹீலோ, கோனா, கவாய் என்று சுற்றி ஏழு நாளில் ஹோனலுலுவுக்கே வருகிறது. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. நுழைவுச் சோதனை இல்லை, ஐ-94 மாறாது, பெற்றோரின் ஒருமுறை விசாவானாலும் பிரச்சினை இல்லை.

விலை அதிகம். ஊழியர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர், அமெரிக்கச் சம்பளம், அதன் எடை டிக்கெட்டில் தெரியும். போதாததற்கு ஐந்து பேருக்கு ஹோனலுலு விமானக் கட்டணம். ஆனால் ஸ்டாம்ப் முடிந்தவர் சென்னை போய்வரும் செலவையும் லீவையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இந்த விலை அவ்வளவு உறுத்தாது. கோனாவில் மட்டும் கப்பல் நடுக்கடலில் நின்று சிறு படகில் இறக்குவார்கள்.

ஒரு பொறி: லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹவாய் போய்த் திரும்பும் பதினைந்து நாள் கப்பல்கள் வேறு. அவை வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள், அதே 1886 சட்டத்துக்காக என்செனாடாவில் நின்றுவிட்டு வரும். பட்டியலின் கடைசி வரியில் ஒரு வார்த்தையாக இருக்கும், கண்ணில் படாது.

## ஊருக்கு வரும்போது ஏறுவது

பெற்றோரால் அமெரிக்கா வர முடியாத குடும்பங்களுக்கு இது ஒத்துவரும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, போர்ட் கிளாங், ஃபுகெட் போகும் மூன்று, நான்கு இரவுக் கப்பல்கள் ஆண்டு முழுதும் உண்டு. இந்தியருக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், விசாக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவரின் சேவைக் கட்டணம் தனி. கப்பல் வெளியே போய்விட்டுச் சிங்கப்பூருக்கே திரும்புவதால் அந்த விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். மலேசியா 2026 டிசம்பர் 31 வரை இந்தியருக்கு விசா விலக்கு அளித்திருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்தே இலங்கைக்கு கார்டீலியா கப்பல் 2023 ஜூனில் தொடங்கியது, அது சீசன் பார்த்துத்தான் வரும்.

எச்-1பிகாரர் தவறுவது வரிசையில். நேர்காணல் முடிந்ததும் பாஸ்போர்ட் தூதரகத்தில் தங்கிவிடும், கூடுதல் பரிசீலனை என்றால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் கப்பலை நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில் வையுங்கள், பிந்தைய வாரத்தில் வைக்காதீர்கள்.

## பெற்றோருக்கு மட்டும் உள்ள சிக்கல்கள்

நம் ஊர்ப் பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். "சுப்பிரமணி" என்று ஒரே பெயர். அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகியிருக்கும், முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் மகன் அப்பாவின் தந்தை பெயரை முதற்பெயராகப் போட்டுவிடுவார். துறைமுகத்தில் டிக்கெட்டும் விசாவும் வேறு வேறு ஆட்களைச் சொல்லும். டிக்கெட், ஆப், ஐ-94 தேடல் மூன்றிலும் விசாவில் உள்ளபடியே போடுங்கள். இன்னும் விசா எடுக்காத பெற்றோர் என்றால், முதலில் பாஸ்போர்ட்டிலேயே பெயரை இரண்டாகப் பிரித்து மறுவெளியீடு வாங்கிவிட்டு விசாவுக்குப் போவது நல்லது.

கப்பலில் போய் வந்தால் பெற்றோருக்குப் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம். பக்கத்து நாட்டுக்கோ தீவுக்கோ 30 நாளுக்குள் போய்வருகிறவருக்கு மீதி நாட்களே பெரும்பாலும் கிடைக்கும். தங்குவதை நீட்டிக்க ஐ-539 போட்டு, பழைய ஐ-94 தேதியும் முடிந்து, பதிலுக்குக் காத்திருக்கும் பெற்றோரைக் கப்பலில் ஏற்றவே கூடாது.

கேடலினா, கபோ சான் லூகாஸ், கோனா ஆகிய இடங்களில் ஆடும் சிறு படகுக்கு மாறி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் அன்று கப்பலிலேயே இருப்பார். கோகோகே, கோசுமேல், என்செனாடாவில் கப்பல் கரையோடு அணைகிறது, நடந்து இறங்கலாம். அமெரிக்க வருகைக்காக வாங்கிய மருத்துவக் காப்பீடு கடலிலும் அடுத்த நாட்டிலும் செல்லுமா என்று பாலிசியில் பாருங்கள். கப்பல் டாக்டருக்கு உடனே பணம் கட்ட வேண்டும்.

பணக் கணக்கில் விட்டுப்போகிறவை: ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 முதல் 20 டாலர் வரை ஊழியர் அன்பளிப்பு, துறைமுக வரி, வண்டி நிறுத்தம், இணையம். ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைப்பது அரிது, இரண்டு அறைக்குக் கணக்குப் போடுங்கள். ஆவணம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் டிக்கெட் பணம் திரும்பாது, பயணக் காப்பீடும் அதற்குக் கொடுக்காது.

## யார் எந்தக் கப்பலும் ஏறக்கூடாது

எஃப்-1இலிருந்து எச்-1பிக்கு, எச்-4இலிருந்து எச்-1பிக்கு என்று நிலை மாற்ற மனு நிலுவையில் இருப்பவர் வெளிநாட்டைத் தொடும் கப்பலில் ஏறினால் அந்த மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். 2025 செப்டம்பர் 21 முதல் தாக்கலான எச்-1பி மனு என்றால் ஒரு லட்சம் டாலர் கட்டணமும் கழுத்தைப் பிடிக்கலாம். இவர்களுக்கு ஹவாய் மட்டும். ஐ-485 (கிரீன் கார்டு மனு) போட்டவர்களில் எச்-1பி, எச்-4 நிலையும் செல்லுபடியாகும் ஸ்டாம்பும் உள்ளவர் போய் வரலாம். எச் நிலையை விட்டு ஈஏடியில் வேலை செய்கிறவருக்கு அட்வான்ஸ் பரோல் (வெளியே போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதி) கையில் இல்லாமல் வழியில்லை.

## இறங்கிய அன்றே

வீட்டுக்கு வரும் வழியில் சிபிபி தளத்தில் எல்லோருடைய ஐ-94ஐயும் எடுத்துப் பாருங்கள். அதிகாரி ஐ-797ஐப் பார்க்காமல் ஸ்டாம்ப் தேதியையே போட்டிருக்கலாம், அல்லது பாஸ்போர்ட் அடுத்த மார்ச்சில் முடிகிறது என்பதால் ஐ-94ஐயும் அதே மார்ச்சோடு வெட்டியிருக்கலாம். கையில் 2028 வரை தேதியிட்ட பழைய துண்டுத் தாள் இருந்தாலும் கடைசியாக நுழைந்தபோது கொடுத்ததுதான் கணக்கு. தவறாகப் போட்டிருந்தால் பக்கத்து விமான நிலையத்தின் சிபிபி ஒத்திவைப்புச் சோதனை அலுவலகத்தில் திருத்தித் தருவார்கள். பாஸ்போர்ட்டுக்காக வெட்டியது தவறல்ல, அதைத் திருத்த மாட்டார்கள். புதிய பாஸ்போர்ட் வாங்கி, அந்தத் தேதிக்கு முன் கம்பெனி வழியாக நீட்டிப்பு மனு போட வேண்டும், அல்லது இன்னொரு முறை வெளியே போய் நுழைய வேண்டும்.